ஈப்போவிலிருந்து லூமுட் வரை இரண்டு மணி நேரம்

பத்துமலை முப்பத்தோரு வருஷம் மலேசியாவில் ஈப்போவுக்கும் லூமுட்டுக்கும் இடையே பேருந்து ஓட்டியவர். அந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாள்கூடத் தன் சொந்த அவசரத்துக்காக அவர் வண்டியை வழியில் நிறுத்தியதில்லை. மற்ற ஓட்டுநர்கள் போத்தா பாலத்தைத் தாண்டியதும் எதையாவது சாக்குச் சொல்லி, எண்ணெய்ப்பனையான செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக ஒதுக்குவார்கள். ஒருவருக்கு டயரைப் பார்க்க வேண்டியிருக்கும், இன்னொருவருக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கும். பத்துமலை ஒதுக்க மாட்டார். ஈப்போவில் பால் சேர்க்காத கோப்பி-ஓ ஒன்று குடித்துவிட்டு ஏறினால் லூமுட் படகுத்துறையில்தான் இறங்குவார். டிப்போவில் அவருக்கு 'டேங்க் பத்து' என்று பெயர். அந்தப் பெயரை அவர் பட்டம்போல வைத்துக்கொண்டிருந்தார்.

சுங்காய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் அவர். மூன்று பெண்பிள்ளைகளுக்குப் பிறகு ஆண்பிள்ளை வேண்டும் என்று அம்மா பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டதால் அந்தப் பெயர். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்காரர்கள். பத்து வயதிலிருந்து பள்ளி விடுமுறை நாட்களில் அவரும் கித்தா மரத்தடியில் கத்தி பிடித்தார். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போ புந்தோங்குக்கு வந்தது. பத்தொன்பது வயதில் பேருந்தில் டிக்கெட் கிழிக்கும் வேலை, இருபத்தேழில் ஓட்டுநர். ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றவர் வீட்டில் ஒரு வாரம்தான் உட்கார்ந்தார். எட்டாவது நாள் பழைய வேன் ஒன்றை வாங்கி, மெங்லெம்புத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பன்னிரண்டு பெண்களைக் காலையில் கொண்டுபோய் இறக்கி, மாலையில் கூட்டி வரத் தொடங்கினார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயதானபோது, ஒரு ஜூலை மாதக் காலையில், கழிவறைப் பீங்கானில் சிவப்பாகப் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. பத்துமலை கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய மைத்துனர் கனகராஜ் சுங்காயில், முன்பு கித்தாத் தோட்டமாக இருந்த நிலத்தில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து டிராகன் பழம் பயிர் செய்கிறார். வெள்ளைச் சதை உள்ள ரகம் இல்லை, கையிலும் சட்டையிலும் பட்டால் போகாத சிவப்புச் சதை உள்ள ரகம். அறுவடை வந்தால் கூடை கூடையாகப் புந்தோங்குக்கு அனுப்பிவிடுவார். முதல் தடவை அதைத் தின்ற மறுநாள் பத்துமலையின் மனைவி விமலா கழிவறையிலிருந்து அலறிக்கொண்டு வந்து, கனகராஜுக்குப் போன் போட்டு, "என்னடா மருந்தடிச்சே" என்று திட்டியது தெருவுக்கே தெரியும். பழத்தின் சாயம்தான், வேறொன்றும் இல்லை என்று அன்றைக்கே தெளிந்துவிட்டது.

அதனால் பத்துமலை இரண்டு நாள் பழத்தை நிறுத்தினார். நிறம் தெளிந்தது. வழக்கு முடிந்தது.

செப்டம்பரில் மறுபடி சிவப்பு வந்தது. அப்போதும் வீட்டில் கூடை இருந்தது. மறுபடி நிறுத்தினார், மறுபடி தெளிந்தது. இதைவிட நல்ல அத்தாட்சி யாருக்கு வேண்டும்?

நவம்பரில் வந்தபோதுதான் கணக்கு இடித்தது. அறுவடை முடிந்து மூன்று வாரமாகிவிட்டது, வீட்டில் ஒரு பழம்கூட இல்லை. பத்துமலை யோசித்துப் பார்த்தார். முந்தின நாள் மாலை நாகூர் மீரானின் கடையில் சிராப் பண்டோங் குடித்தது நினைவுக்கு வந்தது. பால் கலந்த ரோஜாச் சர்பத், நல்ல இளஞ்சிவப்பு. உடனே அமைதியானார். சாயங்காலம் கடைக்குப் போய், அக்கறையோடுதான் சொன்னார்.

"பாய், உன் சிராப்புல சாயம் கூடிப் போச்சு. சாப்பிட்டா சிவப்பாப் போவுது. பார்த்துக்க."

நாகூர் மீரான் இருபத்தைந்து வருஷமாக அந்தத் தெருமுனையில் கடை வைத்திருப்பவர். ரொட்டி வீசிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன மச்சான் சொன்னே? என் சிராப்புல சாயமா?"

"சத்தம் போடாதே. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். நீ சொன்னதும் ஆளுங்க முன்னாடிதானே." மீரான் கையைத் துடைத்துக்கொண்டு போய் மூன்று பெரிய குவளைகளில் சிராப்பை ஊற்றிக்கொண்டு வந்து, பத்துமலைக்கு எதிரில் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தார். மூன்றாவது குவளையில் கொஞ்சம் திணறினார். அப்போதும் வைக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, பத்துமலை வேனைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"மச்சான், எனக்குத் தெளிவாத்தான் போவுது. கிணத்துத் தண்ணி மாதிரி. உனக்கு?"

பத்துமலை எஞ்சினை அணைத்தார். அன்று காலையும் அவருக்குச் சிவப்புதான்.

"அப்ப என் சிராப்பு இல்ல," என்றார் மீரான். குரலில் கோபம் போயிருந்தது. "அண்ணிகிட்டச் சொல்லிட்டியா? சொல்லலன்னா நான் சொல்லுவேன்லா."

அப்படித்தான் பத்துமலை கிளினிக்குக்குப் போனார். நோய்க்குப் பயந்து போகவில்லை, மீரானின் வாய்க்குப் பயந்து போனார்.

கிளினிக் டாக்டர் தினேஸ்வரி புந்தோங்கில் பிறந்து வளர்ந்த பெண். பத்துமலை டிராகன் பழத்தின் வரலாற்றைத் தொடங்கியதும் அவர் சிறுநீர் பிடித்து வர ஒரு சிறு குப்பியைக் கொடுத்து அனுப்பினார். பத்துமலை திரும்பி வந்ததும் டாக்டர் அதில் வண்ணக்கட்டம் ஒட்டிய காகிதக் குச்சி ஒன்றை முக்கி எடுத்தார். ஒரு கட்டம் பச்சையாக மாறியது.

"பழத்துச் சாயத்துக்கு இந்தக் கட்டம் மாறாது அங்கிள். இரத்தத்துக்குத்தான் மாறும்."

"ஆனா நிறுத்தினா நின்னுச்சே டாக்டர்."

"அது தானா நிக்கும், தானா வரும். நீங்க பழத்த நிறுத்தினதும் அது நின்னதும் ஒரே நேரத்துல அமைஞ்சு போச்சு." அவர் ஏதோ எழுதினார். "வலியில்லாம இரத்தம் போனா அத அப்படியே விடக் கூடாது. புகை பிடிக்கிறீங்களா?"

"பதினேழு வயசுலேருந்து."

டாக்டர் அதையும் எழுதினார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு வால்போல வளைகிற மெல்லிய குழாய் ஒன்றை, முனையில் விளக்கும் கேமராவும் வைத்து, சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சிறுநீரியல் நிபுணர் டாக்டர் ஹஸ்லினா மலாய் மொழியில் நிதானமாகப் பேசுபவர். சிறுநீர்ப்பையின் சுவரில் காளான்போல ஒன்று முளைத்திருக்கிறது, அதைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். சுரண்டினார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டதால் பத்துமலைக்கு வலிக்கவில்லை. மூன்று நாள் குழாயோடு படுத்திருந்து, குழாயில் வரும் தண்ணீர் சிவப்பிலிருந்து வெளுத்து வருவதை விமலாவோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பண்டோங்," என்பார் அவர். சாயங்காலம், "இப்ப பார்லி." விமலா சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் மட்டும், "இது வெறும் தண்ணி, எந்திரிங்க" என்றாள்.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான், அதிலும் வேகமாக வளரும் வகை.

டாக்டர் ஹஸ்லினா ஒரு காகிதத்தில் சிறுநீர்ப்பையை வரைந்தார். உட்தோல் ஒரு கோடு, அதற்கடுத்த அடுக்கு ஒரு கோடு, வெளியே தடித்த தசை. கட்டி உட்தோலைத் தாண்டி இரண்டாவது அடுக்குக்குள் வந்துவிட்டது, தசையைத் தொடவில்லை என்று பேனாவால் தொட்டுக் காட்டினார். விமலா டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துமலை காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளங்குது டாக்டர்," என்றார் மலாயில். "பால்வெட்டுல, கத்தி பட்டையோட நிக்கணும். பட்டை திரும்ப வளந்துடும். மரத்துக்குள்ள இறங்கிட்டா காயம், அந்தக் காயம் ஆறாது. எனக்கு இது இன்னும் மரத்துல இறங்கல. அப்படித்தானே?"

டாக்டர் பேனா முனையைத் தசைக் கோட்டின் அருகே வைத்தார். "அப்படித்தான். ஆனா மரத்துக்கு ரொம்பப் பக்கத்துல வந்திருக்கு."

அடுத்து நடக்க வேண்டியதை அவர் ஒளிக்காமல் சொன்னார். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று உறுதிசெய்ய, அதே இடத்தை இன்னொரு தடவை சுரண்டிப் பார்க்க வேண்டும். பிறகு வாரம் ஒன்றாக ஆறு வாரம், குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் ஒரு மருந்து ஏற்ற வேண்டும். அது முடிந்து ஆறு வாரம் கழித்து மறுபடி உள்ளே பார்க்க வேண்டும். அந்தப் பார்வையில் சுத்தமாக இருந்தால் நல்லது. மருந்து வேலை செய்யாமல் நோய் திரும்பியிருந்தால், சிறுநீர்ப்பையையே எடுத்துவிடுவது நல்லது. வயிற்றில் ஒரு துளை போட்டு, சிறுநீர் ஒரு பையில் சேரும்படி வைத்துவிடுவார்கள்.

"பை வச்சுகிட்டு வேன் ஓட்டலாமா?"

"ஓட்டுறவங்க இருக்காங்க. நீச்சல் அடிக்கிறவங்ககூட இருக்காங்க, பாக்சிக்," என்றார் டாக்டர், மலாயில் மாமா முறை வைத்து.

பத்துமலை தலையாட்டினார். டாக்டர் சொன்னதை அவர் நம்பாமல் இல்லை. ஆனாலும் முப்பத்தோரு வருஷம் தன்னைக் கைவிடாத ஒன்றைத் தானே கைவிடுவதாக அவருக்கு ஒரு வருத்தம். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டில் இருந்த சிகரெட்டை விமலாவின் கையில் கொடுத்தார். அவள் அதைத் தண்ணீர் வாளியில் போட்டாள். அதன்பிறகு அவர் ஏலக்காயை மென்றுகொண்டே வேன் ஓட்டினார். வேனில் வரும் பெண்கள், "அண்ணே, வேனே பாயாசம் மாதிரி மணக்குது" என்றார்கள்.

இரண்டாவது சுரண்டலில் புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. தசை சுத்தமாக இருந்தது. மருந்து ஏற்ற நாள் குறித்தார்கள்.

மருந்து போடும் அறையில் இருந்த தாதி ஷாமினிக்கு முப்பது வயது இருக்கும். கையுறை, முகமூடி, நெகிழி அங்கி எல்லாம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இது பிசிஜி அங்கிள். சின்னப் பிள்ளைங்களுக்கு காசநோய் வராம இருக்கக் கையில குத்துவாங்களே, அதே சாமான்தான். உள்ள விட்டா உங்க ஒடம்பு முழிச்சுகிட்டு, அந்த இடத்துல இருக்கிற கெட்ட அணுவ அடிக்கும்."

பத்துமலை சட்டைக்கையை மேலே தள்ளித் தோளில் இருந்த வட்டத் தழும்பைக் காட்டினார். "அதான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலயே போட்டுட்டாங்களே."

"அது மேல போட்டது. இது உள்ள."

மருந்து உள்ளே போனதும் குழாயை எடுத்துவிட்டு, அவள் சட்டதிட்டங்களைச் சொன்னாள். இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்கக் கூடாது. கால் மணிக்கு ஒருதரம் புரண்டு படுக்க வேண்டும், மல்லாந்து, இடப்பக்கம், குப்புற, வலப்பக்கம். அப்போதுதான் மருந்து எல்லாச் சுவரிலும் படும். இரண்டு மணி ஆனதும் உட்கார்ந்துதான் கழிக்க வேண்டும், நின்று கூடாது, தெறிக்கும். கழித்த பிறகு பீங்கானில் கிருமி கொல்லும் குளோராக்ஸ் ஊற்றிக் கால் மணி விட்டுப் பிறகு ஃப்ளஷை இழுத்துத் தண்ணீர் விட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

"ரெண்டு மணி நேரம் தாங்குமா அங்கிள்? சில பேருக்கு முடியாது. முடியலன்னா சொல்லிடுங்க."

பத்துமலை அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"ஆயி, நான் லூமுட் பஸ் ஓட்டினவன்."

முதல் வாரம் பகல்நேர வார்டில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கையில் அவருக்கு அந்த யோசனை வந்தது. நிற்காமல் போகும் பேருந்துக்கு ஈப்போவிலிருந்து லூமுட் சரியாக இரண்டு மணி நேரம். அவர் கண்ணை மூடி, சாவியைத் திருப்பினார். மல்லாந்து படுத்த கால் மணியில் மெங்லெம்பு, லகாட். இடப்பக்கம் புரண்டால் பூசிங், சிப்புத்தே. குப்புறப் படுத்தால் துரோனோ. வலப்பக்கத்தில் ஸ்ரீ இஸ்கண்டாரைத் தாண்டி போத்தா பாலம், கீழே பேராக் ஆறு. மறுபடி மல்லாந்தால் தித்தி கந்தோங். இடப்பக்கம் ஆயர் தாவார், குப்புறச் சித்தியவான். கடைசி வலப்பக்கத்தில் கடல் வாடை வந்துவிடும். ஷாமினி வந்து நேரமாகிவிட்டது என்றபோது அவர் படகுத்துறையில் கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வாரம், மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். வீடு பத்து நிமிஷத் தூரம்தான். மீரான் காரில் கொண்டுவந்து விட்டார். விமலா முன்னறையில் பாய் விரித்து, அடுப்படிக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால் மணிக்கு ஒருதரம் அது மணியடிக்கும்.

"திரும்புங்க."

"பூசிங் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. இடப்பக்கம்."

நடுவே மீரான் கடையிலிருந்து போன் செய்தார். "மச்சான், எங்க இருக்கே?"

"போத்தா பாலத்து மேல."

"நல்லாத் திருப்பிப் போடுங்கண்ணி," என்று ஒலிபெருக்கியில் மீரானின் குரல் கேட்டது. "ஒரு பக்கம் மட்டும் வெந்தா ரொட்டி நல்லா இருக்காது."

"நீங்க போன வைங்க பாய். சிரிச்சா மருந்து வெளிய வந்துடும்," என்றாள் விமலா. அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சுரண்டிய நாளிலிருந்து அவள் சிரித்தது அன்றுதான் முதல் தடவை என்பதைப் பத்துமலை கவனித்தார். அதற்காகவே இன்னும் இரண்டு கோணங்கி செய்தார்.

உட்கார்ந்து கழிப்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரம் கழிவறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார். வெளியிலிருந்து விமலா, "உக்காந்தீங்களா?" என்றாள். "உக்காந்தேன்." "சத்தியமா?" "அம்மா மேல." பிறகு அவள் குளோராக்ஸ் போத்தலோடு உள்ளே நுழைந்தாள். வீடு முழுக்க நீச்சல்குளத்து வாடை.

மூன்றாவது வாரம்தான் தவறு நடந்தது.

அன்று லூமுட் வந்து சேர்ந்தபோது அவருக்கு அவசரமே இல்லை. அடிவயிறு கல்லுப்போல அமைதியாக இருந்தது. மணி அடித்தது. விமலா துணி எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். பத்துமலைக்குத் தோன்றியது இதுதான்: இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு வேலை செய்கிற மருந்து, மூன்று மணி நேரம் இருந்தால் இன்னும் எவ்வளவு செய்யும்? மற்றவர்களுக்குத் தாங்காது என்பதால் இரண்டோடு நிறுத்தியிருப்பார்கள். அவர் மற்றவர்கள் இல்லையே. பை வேண்டாம் என்பவன்தான் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும்.

எனவே அவர் பேருந்தைப் படகுத்துறையில் விட்டுவிட்டு, மனத்துக்குள் பங்கோர் தீவுக்குப் போகும் படகில் ஏறினார்.

விமலா வந்தபோது, "என்ன, இன்னும் படுத்திருக்கீங்க?" என்றாள்.

"போயிட்டு வந்துட்டேன்," என்று பொய் சொன்னார். தீவைச் சுற்றிப் பார்த்து, திரும்பும் படகைப் பிடித்து, மறுபடி லூமுட்டில் இறங்க ஒரு மணி நேரம் ஆனது. அதன்பிறகுதான் எழுந்து போனார். டேங்க் பத்து என்றால் சும்மாவா என்று அவருக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

அன்று இரவே காய்ச்சல் அடித்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு சொட்டும் மிளகாய்த் தண்ணீர். விடியும்போது பீங்கானில் மறுபடி சிவப்பு. விமலா மீரானுக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் சிறுநீரைப் பரிசோதனைக்கு எடுத்து, மாத்திரை கொடுத்து, ஒருநாள் வைத்துப் பார்த்தார்கள்.

மறுநாள் ஷாமினி கட்டிலருகே வந்து நின்றாள்.

"எத்தனை மணி நேரம் வச்சிருந்தீங்க அங்கிள்?"

பத்துமலை சன்னலைப் பார்த்தார். "பங்கோர் வரைக்கும்."

அவளுக்கு விளங்கவில்லை. விமலாவுக்கு விளங்கிவிட்டது. கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தவள் மெதுவாக, "மூணு மணி நேரமா?" என்றாள். "போயிட்டு வந்துட்டேன்னு சொன்னீங்களே."

அவர் தலையாட்டினார். ஷாமினி கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டு மணிக்கு மேல வச்சா மருந்து கூடுதலா ஒண்ணும் செய்யாது. எரிச்சல்தான் கூடும். இப்ப பாருங்க, அடுத்த வாரத்து மருந்த போட முடியாது. காய்ச்சலும் இரத்தமும் நின்னாத்தான் போடலாம்."

பத்துமலை எழுந்து உட்கார்ந்தார். "அப்ப நடுவுல விட்டுப் போச்சா? முதல்லேருந்து போடணுமா? இல்ல, இதோட சரியா?"

டாக்டர் ஹஸ்லினா வரும்வரை அதற்குப் பதில் கிடைக்கவில்லை. அந்த நான்கு மணி நேரம் அவர் எந்த ஊருக்கும் வண்டி ஓட்டவில்லை. டாக்டர் வந்து, பரிசோதனைத் தாளைப் பார்த்து, ஒரு வாரம் தள்ளிப் போவதால் ஒன்றும் கெட்டுவிடாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றார். பிறகு, "பாக்சிக், பஸ் ஓட்டும்போது நேரத்துக்கு முன்னாடி போனாலும் தப்பு, பின்னாடி போனாலும் தப்பு, இல்லையா?" என்றார்.

"தப்புதான் டாக்டர்."

"இதுவும் அப்படித்தான்."

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது மருந்துகளில் அவர் ஒரு நிமிஷம் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. விமலா பின்கட்டுக்குப் போவதை விட்டுவிட்டாள். மணி அடித்ததும் கையைப் பிடித்து எழுப்பிக் கழிவறை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். ஐந்தாவது தடவை எரிச்சல் அதிகமாக இருந்து, சித்தியவானிலேயே அவருக்குத் தாங்க முடியாமல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். "முடியலன்னா போங்க. சொல்லிட்டுப் போனா தப்பில்லன்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சே," என்றாள் விமலா. "இன்னும் எத்தனை நிமிஷம்?" "ஒம்பது." "பேச்சுக் குடு." அவள் அந்த ஒன்பது நிமிஷமும் தன் தம்பியின் தோட்டத்துக்கு வரும் அணில்களைப் பற்றியே பேசினாள். அவ்வளவு அணில்கள் இருக்க முடியாது என்று பத்துமலைக்குத் தெரியும்.

பிறகு ஆறு வாரம் ஒன்றும் இல்லை. வேன் ஓட்டினார், ஏலக்காய் மென்றார், நிறையத் தண்ணீர் குடித்தார். வேலைக்குப் போகும் பெண்களில் ஒருத்தி புனிதா, "அண்ணே, நீங்க இல்லாத நாள்ல வந்த டிரைவர் பாட்டே போடல" என்று குறைபட்டாள். ஒன்றும் ஆகாத மாதிரித்தான் நாட்கள் போயின. ஆனால் கழிவறைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அவர் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தார். விமலாவும் அவர் வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தாள்.

உள்ளே பார்க்கும் நாள் வந்தது. காலை வேலையை முடித்து, விமலாவை ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அவள் வெளியே நெகிழி நாற்காலியில் மருத்துவக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மரத்துப்போகும் களிம்பு தடவி, குழாயை விட்டு, உப்புத் தண்ணீரை ஏற்றினார்கள். திரையை அவர் பக்கமாகவும் திருப்பி வைத்தார் டாக்டர் ஹஸ்லினா. முதல் தடவை பார்த்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை திறந்தே வைத்திருந்தார். வெளிர் இளஞ்சிவப்பாக, ஈரமாக, நூல்போல நரம்புகள் ஓடும் ஒரு சுவர். டாக்டர் கேமராவை மெதுவாக நகர்த்தினார். மேற்பகுதி, இடப்பக்கம், வலப்பக்கம். இரண்டு சின்னத் துளைகள் வந்தன. "சிறுநீரகத்துலேருந்து இதுவழியாத்தான் வருது," என்றார். ஒன்றிலிருந்து அப்போதே ஒரு சுழி தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. ஊற்றுக்கண் மாதிரி இருந்தது. எத்தனை வருஷமாக யாரும் கேட்காமலேயே இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அவர் வியந்தார்.

பிறகு கேமரா ஓர் இடத்தில் நின்றது. அங்கே வெள்ளையாக ஒரு திட்டு, அதைச் சுற்றிக் கொஞ்சம் சிவப்பு. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே கேமராவைத் திருப்பினார். கிட்டே கொண்டுபோனார். பின்னால் இழுத்தார். மறுபடி கிட்டே. திரையின் நிறத்தை மாற்றும் பொத்தானை அழுத்திப் பார்த்தார். சுவர் முழுக்க நீலப்பச்சையானது. பத்துமலை மூச்சுவிடுவதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது.

"மூச்சு விடுங்க பாக்சிக்," என்றார் டாக்டர். "இது நான் சுரண்டின இடம். தழும்பு. நல்லா ஆறியிருக்கு."

"பட்டை வளந்துடுச்சா?"

"வளந்துடுச்சு. கழுவின தண்ணிய லேப்புக்கு அனுப்புறேன், அது வர ரெண்டு வாரம் ஆகும். ஆனா என் கண்ணுக்கு எதுவும் இல்ல. சிறுநீர்ப்பைய எடுக்கிற பேச்சு இப்ப வேண்டாம்."

அதோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொன்னார். இது திரும்பி வரும் குணம் உள்ள நோய். இரண்டு வருஷத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருதரம் உள்ளே பார்க்க வேண்டும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருதரம். இடையிடையே மூன்று வாரம் மருந்து ஏற்ற வேண்டும். புகை பக்கம் போகவே கூடாது. பத்துமலை எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். உண்மையில் அவருக்கு அப்போது வேறோர் அவசரம் இருந்தது. உள்ளே ஏற்றிய தண்ணீர் முழுவதும் உள்ளேயே இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர், எழுந்து நின்ற விமலாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பேச நின்றால் தாங்காது என்று தெரிந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கையை மட்டும் காட்டிவிட்டு, வேட்டியைப் பிடிப்பதுபோலக் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நடையின் கோடிக்கு ஓடினார்.

விமலா நாற்காலியைத் தேடிப் பிடித்தாள். மெல்ல உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்து மலாயில் ஏதோ ஆறுதல் சொன்னாள். விமலா கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கழிவறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழக் கூடாது, அவர் வரும்போது அழக் கூடாது என்று சொல்லிக்கொண்டாள்.

பத்துமலை வெளியே வந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்காம். பை கிடையாது."

விமலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் ஏன் மூஞ்சிய அப்படி வச்சுகிட்டு ஓடினீங்க?"

"அரை லிட்டர் தண்ணிய ஏத்திட்டு அனுப்பினா நின்னு பதில் சொல்ல முடியுமா?"

அவள் கோப்பாலேயே அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு இன்னொன்று. மூன்றாவது அடி ஓங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ஓகே ஆ?" என்றாள் சீனப் பாட்டி. "ஓகே ஆன்ட்டி, ஓகே," என்றார் பத்துமலை.

தேதி குறிக்கும் முகப்பில் ஷாமினி இருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது. அடுத்த மருந்துக்கு மூன்று செவ்வாய்க்கிழமைகள், அடுத்த சோதனைக்கு மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை என்று அட்டையில் எழுதினாள்.

"காலையில எட்டு மணிக்குப் போடவா அங்கிள்? சீக்கிரம் முடிஞ்சிடும்."

"எட்டு வேணாம் ஆயி," என்றார் பத்துமலை. "பத்துக்குப் போடு. பிள்ளைங்கள பேக்டரில இறக்கிவிட்டுட்டு வாரேன்."